காவலாளிக்குப் பதினொரு வரி

எனக்குப் பதினொரு வரி.
ஈட்டி பிடித்த காவலாளி.
ஈட்டி என்பது, தேயிலைத் தொழிற்சாலை வாசலில்
அப்பா இரவெல்லாம் ஊன்றி நிற்கும் கம்பு;
நுனியில் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தோம்.

நாடகம் இரண்டாயிரத்துச் சொச்சம் வருசம் பழசு.
அது பிறந்த ஊரில் கடல் இருந்ததாம்.
பண்டாரவளையில் மழை இருந்தது.
தகரத்தில் விழுந்த மழைக்கு மேலாகக் கத்தி
மூன்று மொழிப் பிரதியை
ஒன்றாக்கிக்கொண்டிருந்தோம்.

கதை சின்னது.
அண்ணன் செத்துக் கிடக்கிறான்.
புதைக்கக் கூடாது என்கிறான் ராஜா.
தங்கை போய் ஒரு பிடி மண் போடுகிறாள்.
மற்றதெல்லாம் பேச்சு.

"பஸ் மிட்டக்" என்றாள் சத்சரணி,
ஒரு பிடி மண்ணுக்குச் சிங்களம்.
எந்த பஸ், பதுளை பஸ்ஸா என்று
நான் கேட்டுவைக்க,
அன்றைய ஒத்திகை அங்கேயே முடிந்தது.
தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று.
பிறகு மண்ணை நாங்கள் பஸ் என்றே சொன்னோம்.

ராஜா வேடம் ருஷ்திக்கு.
உயரம், கட்டைக்குரல், வேறு காரணமில்லை.
முதல் நாள் அந்த வரிக்கு வந்ததும்
தண்ணீர் குடித்தான்.
மறுநாளும் தண்ணீர் குடித்தான்.
மூன்றாம் நாள்தான் சொன்னான்,
நோய்க்காலத்தில் போன சாச்சாவைப் பற்றி.
குழி வெட்ட ஆளிருந்தது.
இடமிருந்தது. கபன் துணி இருந்தது.
ஆளுக்கு மூணு பிடி போட
சொந்தமெல்லாம் காத்திருந்தது.
எரித்தாயிற்று, சாம்பலை எடுத்துப் போங்கள் என்று
ஃபோன் வந்தது.
வாப்பா போகவில்லை.

வேடத்தை மாற்றலாம் என்றோம்.
நானே ராஜாவாகிறேன் என்று
பெருந்தன்மையாக முன்வந்தேன்,
வரி கூடும் என்ற ஆசையும்தான்.
"வாணாம்" என்றான்.
"நீங்க எல்லாரும் கத்துறீங்க.
ராஜா கத்தமாட்டான்டா.
கடதாசியப் பார்த்து வாசிப்பான்.
வாசிச்சி முடிச்சி கண்ணாடிய மடிப்பான்."

அதற்குப் பிறகு அந்த வரி
மழைக்குக் கீழே வந்தது.
கேட்கவேண்டுமென்றால்
நாங்கள் கிட்டப்போக வேண்டியிருந்தது.
கிட்டப்போனால் குளிர்ந்தது.

என் காவலாளியைப் பற்றி நானும் யோசித்தேன்.
யாரோ மண் போட்டுவிட்டார்கள் ராஜா,
நானில்லை, சத்தியமாக நானில்லை என்கிறவன்.
பிரதியில் அவன் கோமாளி; சபை சிரிக்கவேண்டும்.
எனக்கோ, துரை வாசலில் அப்பா தெரிந்தார்:
ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே,
களவுபோன கொழுந்துச் சாக்குக்கு
முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிற கழுத்து.
அப்படியே நின்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
சிரிப்பைக் கெடுத்துவிட்டேன் என்று
சத்சரணி இரண்டு நாள் பேசவில்லை.

மேடைக்கு மரத்தூள் போதும் என்பது முடிவு.
நான் மண் கொண்டுபோனேன்.
எங்கள் லயத்துக்கு மேலே
ஓர் ஐப்பசியில் மலை இறங்கிய இடத்து மண்.
அங்கே அதை எந்த ராஜாவும் தடுக்கவில்லை.
கேட்காமலே வந்தது,
ஆறு வீட்டுக்கும் சேர்த்து.

சத்சரணி குனிந்தாள்.
மரத்தூள் இல்லையென்று விரலுக்குத் தெரிந்து
ஒருதரம் என் பக்கம் பார்த்தாள்.
ஒரு பிடி போட்டாள். ஒத்திகையில் அவ்வளவுதான்.
பிறகு இரண்டாவது பிடி.
பிறகு மூன்றாவது.
திரை ஓரத்தில் ருஷ்தி
கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்;
மடிக்கவில்லை.
எனக்குப் பத்தாவது வரி மறந்துபோனது.
நேரே பதினொன்றுக்குப் போனேன்.

பெருக்கிவிட்டுப் போங்கள் என்றார் மண்டபத்துக்காரர்.
பெருக்கினோம்.
பலகை இடுக்கில் இறங்கியது வரவில்லை.

கடைசி பஸ்ஸில் சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
"பஸ்ஸுக்குள்ள பஸ்" என்றேன்.
இருவரும் சிரிக்கவில்லை, நன்றாகத்தான் இருந்தது.
டிக்கட் வெட்டிக்கொண்டு வந்த கண்டக்டர்
தரையில் கிடந்த அந்தச் சிறு குவியலைப் பார்த்தார்,
என்ன என்று கேட்கவில்லை,
காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து
அந்தப் பக்கம் போனார்.